பேசாத படங்களும் பேசக்கூடாத நானும்

மதுரை டாக்டர் என் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்ததைத் திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் எதிரெதிரே கொப்புளம் போல ஒன்று தெரிந்தது. வேறெதுவும் கேட்காமல் "டீச்சரா?" என்றார். ஆமாம் என்றேன். என் குரல் அப்போதே அரைகுறையாகத்தான் வந்தது.

"ஆபரேஷன் சின்னதுதான்மா. அதுக்கப்புறம்தான் கஷ்டம். நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். செருமக்கூடாது. சத்தமாச் சிரிக்கக்கூடாது." பிறகு பக்கத்தில் நின்ற என் கணவரிடம் திரும்பி, "நீங்கதான் பாத்துக்கணும் சார்" என்றார்.

என் கணவர் தலையை ஆட்டினார். அவர் பெரும்பாலும் அப்படித்தான் பதில் சொல்வார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் மெஷின்களைப் பராமரிக்கும் வேலை. அந்த இரைச்சலுக்குள் பேசிப் பிரயோஜனமில்லை என்பதால் வாய் பழக்கம் விட்டுப்போனதா, இல்லை இயல்பே அதுதானா என்று கல்யாணமான புதிதில் யோசித்திருக்கிறேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இருவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். கல்யாண வீட்டில் விசாரிப்பது, கேஸ் சிலிண்டர்காரரோடு சண்டை போடுவது, மகளைக் கோயம்புத்தூர் கல்லூரி ஹாஸ்டலில் சேர்த்தபோது வார்டனிடம் பேசியது, எல்லாம் நான். அது போக தினமும் பஸ் ஏறி வில்லிபுத்தூர் போய், ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வரலாறு. மின்விசிறிச் சத்தத்துக்கும் ரோட்டில் போகிற லாரிச் சத்தத்துக்கும் மேலே போகும்படி கத்தியே பேசிப் பழகியிருந்தேன். அந்தக் குரலைத்தான் டாக்டர் பூட்டி வைக்கச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்ததும் முதலில் புரிந்த விஷயம், பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள் என்பது. பார்க்க வந்தவர்கள் என் முகத்துக்கு நேரே கத்தினார்கள். "சாப்ட்டீங்களா டீச்சர்? வலிக்குதா டீச்சர்?" நான் கையைக் காட்டியதும் திரும்பி என் அத்தையிடம், நான் அங்கே இல்லாத மாதிரி, மெல்லிய குரலில் விசாரித்தார்கள். அத்தை என் கணவரின் அம்மா. அவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிப் பழக்கமில்லை.

"சாகுற வரைக்கும் இப்படித்தானா, பேச்சு வருமான்னு தெரியல. எம்புட்டு வாய் பேசுவா! ஆண்டவன் எதையெதைப் பிடுங்குறான் பாரு."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மறுத்துச் சொல்ல ஆசையாக இருக்கும். போனில் டைப் செய்து காட்டலாம் என்றால் அத்தைக்குப் படிக்கத் தெரியாது. கையால் காட்டினால் எதையோ கேட்கிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வருவார்கள். ஒரு நாளில் எத்தனையோ செம்பு தண்ணீர் குடித்தேன்.

வீடு அகலமில்லாத நீள வீடு. முன்னறை, அதற்குப் பின் இன்னொரு அறை, அடுப்படி, கிணற்றடி. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மாடிக்குப் போனால் மேற்கே மலை தெரியும். ஆனால் மாடிக்குப் போனால் பக்கத்து வீட்டு மாடியில் யாராவது நிற்பார்கள், பேசுவார்கள், நான் கையைக் காட்ட வேண்டும். அதனால் மாடிக்கும் போவதை விட்டேன். மகாராஜபுரத்தில் இருக்கும் என் அம்மா தினமும் போன் செய்து, நான் மூச்சு விடும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "சரி தாயி, இருக்கேல்ல, அம்புட்டுப் போதும்" என்று வைத்துவிடுவாள். வைத்த பிறகு போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் மதியம், என் கணவர் காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பள்ளித் தலைமையாசிரியர் அழைத்தார். என் கணவர் எச்சில் கையோடு ஸ்பீக்கரில் போட்டார். நான் எதிரில் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர் எப்படி இருக்காங்க சார்? அவங்க நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். இந்த வருஷம் பூரா எடுக்கட்டும். ப்ளஸ் டூவுக்கு வேற டீச்சர் போட்டுக்கிறோம். பொறவு அவங்க வந்ததும் ஆபீஸ் வேலை, லைப்ரரி, அந்த மாதிரி பேசுற வேலையில்லாம பாத்துக்கலாம். என்ன சார்?"

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கையை ஆட்டினேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"சரிங்க சார்" என்றார்.

கையிலிருந்த கரண்டியால் தரையில் அடித்தேன். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். என் வேலை என் முன்னாலேயே போனது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாம், அந்த ஒரு வார்த்தைதான் என்னிடம் இல்லை. அவர் எதுவும் விளங்காமல், "ஒன் நல்லதுக்குத்தானே சொல்றாரு" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அதற்குப் பிறகு பல நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேச முடியாதவள் கோபத்தைக் காட்ட அது ஒன்றுதான் வழி. அதையும் அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை முன்னறையில் படுத்துவிடுவார்கள். சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிற தூக்கம். அதனால் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். தாங்க முடியவில்லை. சீரியலில் நாலு பேர் நின்று வாயை அசைக்கிறார்கள், ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள், என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியவில்லை. என்னையே வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. அணைத்துவிட்டேன்.

மகளுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவள், "சவுண்டே இல்லாத காலத்துப் படம் நெறைய இருக்கும்மா, தேடிப் பாரு" என்று பதில் போட்டாள். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள்.

அந்தக் காலத்துப் பெரிய கோமாளிகளை எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் நானும் டிவியில் பார்த்திருக்கிறேன். நான் போனில் தேடிப் போய் மாட்டிக்கொண்டது அவர்களிடம் அல்ல. யாரும் பார்க்காத படங்கள் அதற்கும் கீழே கிடந்தன. பெயர் தெரியாத ஒருத்தி, பெயர் தெரியாத ஒருத்தன், இரண்டு பேருக்கும் நடுவே ஏதோ ஒரு தடை. அவ்வளவுதான் கதை. யாரும் மலையிலிருந்து விழுவதில்லை, ரயில் மோதுவதில்லை. படம் முழுக்கக் கோடு கோடாய் மழை பெய்வது போலிருக்கும். சில இடங்களில் பிலிம் அரித்துப்போய் முகத்தின் மேல் வெள்ளைப் புண்கள் வந்து போகும்.

நான் முதலில் பார்த்ததில் ஒரு பெரிய கட்டிடம். அதில் லிப்ட் ஓட்டுகிற ஒரு மெலிந்த பையன். மேல்மாடி ஆபீசில் டைப் அடிக்கிற வட்ட முகப் பெண். அவளிடம் பேசத் தைரியம் வருவதற்காக அவன் லிப்டை மெதுவாக ஓட்டுகிறான். இன்னும் மெதுவாக. ஒருநாள் அது இரண்டு மாடிக்கு நடுவே நின்றே போகிறது. உள்ளே இவர்கள் இரண்டு பேரோடு, உயிருள்ள வாத்து ஒன்றைக் கூடையில் வைத்திருக்கும் ஒரு பருத்த அம்மாள். வாத்து கூடையிலிருந்து வெளியே வருகிறது. பையன் அதைப் பிடிக்கக் குனிந்தால் அந்த அம்மாளின் மேல் மோதுகிறான், நிமிர்ந்தால் அந்தப் பெண்ணின் தொப்பி அவன் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொள்கிறது. அவள் முகம்! கோபம் வர வேண்டிய இடத்தில் முதலில் புருவம் மட்டும் ஏறுகிறது, பிறகு ஒரு கன்னம் உப்புகிறது, கடைசியில் அந்த வாத்தைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். என்ன சொன்னாள் என்று வசனம் எழுதிய அட்டை போடவில்லை. போடத் தேவையில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரிக்கக்கூடாது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. நின்றபாடில்லை. நிமிர்ந்து பார்த்தால் அத்தை எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஏட்டி, என்னட்டி அழுவுத? வலிக்குதா? அவன்கிட்டச் சண்டையா?"

நான் இல்லையென்று கையை ஆட்டினேன். அவர்கள் நம்பவில்லை. பின்வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த அக்கா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஈரக் கையோடு ஓடி வந்து, "அய்யோ, டீச்சர், ஏமாயிந்தி? என்ன ஆச்சு?" என்று என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டார். எனக்கு இன்னும் சிரிப்பு. நான் குலுங்கக் குலுங்க அவர் என் முதுகைத் தடவினார். வேறு வழியில்லாமல் போனை எடுத்து இரண்டு பேர் முகத்துக்கும் நேரே நீட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"சத்தம் வரலியே. போனு ரிப்பேரா?" என்றார்கள் அத்தை.

நான் தலையாட்டி மறுத்து, என் வாயைக் காட்டி, அந்தப் பையனின் வாயைக் காட்டினேன்.

"இவனும் தொண்டையில ஆபரேசன் பண்ணவனா?"

அன்றைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து அந்தப் படத்தை முதலிலிருந்து பார்த்தோம். அவர்கள் இருவருக்கும் அட்டையில் வரும் ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் வாசித்துச் சொல்ல முடியாது. அதனால் அத்தை தானே வசனம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

"செத்த நேரம் நில்லு தாயி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்ங்கான். அவ சொல்லுதா, முதல்ல வாத்தப் பிடிடா மூதேவி, பொறவு சொல்லலாம்." பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு தடவையும் என் தொடையில் தட்டி, "சூடு சூடு" என்றார். பார், பார் என்று அர்த்தம். நான் அட்டையைப் படித்தேன். அத்தை சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அத்தை சொன்னது நன்றாக இருந்தது.

மதியங்கள் அப்படிப் போயின. நான் நிறையப் பார்த்தேன், அவர்கள் தூங்கும்போதும் பார்த்தேன். அந்தப் படங்களில் எது என்னைப் பிடித்து இழுத்தது என்று நிதானமாக யோசிக்க நேரமும் இருந்தது. அதில் வரும் காதலர்கள் எல்லோரும் எதற்குள்ளாவது மாட்டிக்கொண்டவர்கள். லிப்ட், அலமாரி, வேலைக்காரச் சீருடை, பிடிக்காத நிச்சயதார்த்தம், சித்தி வீட்டு மாடியறை. அதிலிருந்து வெளியே வர அவர்களுக்குப் பேச்சு உதவாது. கையும் காலும் முகமும்தான். பேசும் படத்தில் ஒருவன் பிரியத்தைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இதில் அவன் அவள் காபிக் கோப்பையின் காதைத் தன் பக்கமிருந்து அவள் பக்கமாகத் திருப்பி வைக்கிறான், அட்டை வருவதற்கு வெகு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. நான் பேசிப் பேசியே இருந்தவள். இப்படி ஒன்று இருப்பதைக் கவனித்ததில்லை. அதே சமயம், படம் முடிந்ததும் சன்னலுக்கு வெளியே அதே எதிர்வீட்டுச் சுவர்தான். அவர்கள் லிப்டிலிருந்து இறங்கிப் போய்விட்டார்கள், நான் உள்ளேயே இருக்கிறேன் என்று தோன்றும். அந்த நேரம்தான் மிகவும் கஷ்டம்.

என் கணவர் முதலில் சேரவில்லை. முன்னறையில் அவர் அம்மா பேசுகிற வசனத்தைக் கேட்டுக்கொண்டே உள்ளே ஏதோ செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எங்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்தது சன்னல் கண்ணாடி துடைக்கிற ஒருவனின் கதை. அவன் கயிற்றில் தொங்குகிறான். உள்ளே டெலிபோன் இணைப்புக் கொடுக்கிற பெண். நடுவில் கண்ணாடி. அவன் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. சோப்பு நுரையில் எழுதுகிறான், அவளுக்கு எழுத்து இடம் வலம் மாறித் தெரிகிறது. அழித்து மாற்றி எழுதுவதற்குள் மேலே இருப்பவன் கயிற்றை இழுத்துவிடுகிறான். தினமும் இதே பாடு. அத்தை சிரித்துச் சிரித்து இருமினார்கள்.

என் கணவர் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் சொன்னார்: "அந்தாளு கயித்த விட்டு எறங்கி, கதவத் தட்டி உள்ள போயிருக்கலாம்ல."

நான் போனில் டைப் செய்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்க போயிருப்பீங்களா?"

அவர் வாசித்தார். திரும்ப வாசித்தார் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் ஆனது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது.

அந்த வாரத்திலேயே ஒரு மாலை, என்னைப் பார்த்துக்கொண்டே, "திங்கக்கெழம லீவு சொல்லிருக்கேன். வில்லிபுத்தூர் போவோம். ஒங்க எச்.எம்.மப் பாக்கணும்" என்றார்.

பஸ்ஸில் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறார். எங்கள் கல்யாணத்தில்கூட மைக்கைப் பார்த்து ஒதுங்கி நின்ற ஆள்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். எழுந்து நின்று வரவேற்றார், டீ சொன்னார். பிறகு என் கணவரைப் பார்த்தே பேசினார்.

"டீச்சருக்கு இப்ப எப்படி இருக்கு? சாப்பாடெல்லாம் இறங்குதா?"

என் கணவரின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "சார், அவ இங்கதான் இருக்கா. அவகிட்டக் கேளுங்க. காது கேக்கும்."

வெளியே எங்கோ ஒரு வகுப்பு ஒரே குரலில் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு போன்ல நான் சரின்னுட்டேன் சார். அது எஞ் சரி. அவ சொன்ன சரி இல்ல. அவளக் கேக்காமச் சொன்னேன்." இங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "அவளுக்கு லைப்ரரி வேணாம். பாடம் எடுக்கணும். டாக்டரு மொத்தமாப் பேசக்கூடாதுன்னு சொல்லல, கொஞ்ச நாளைக்கின்னுதான் சொன்னாரு. இடுப்புல மாட்டுற மைக்கு இருக்காம், எம் மக சொன்னா. அத வாங்கித் தாரேன். அம்புட்டுத்தான் சார்."

இருபது வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் கோபமும்தான் வந்தது. என் வேலைக்காக நான் சொல்ல வேண்டியதை இன்னொருவர் வாயால் கேட்டு உட்கார்ந்திருக்கிறேனே என்ற கோபம். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, எதுவானாலும் சத்தமில்லை.

தலைமையாசிரியர் இந்த முறை என்னிடம் திரும்பினார். "ப்ளஸ் டூவுக்கு ஆள் போட்டாச்சு டீச்சர். இப்ப எடுக்க முடியாது. ஆறாவது, ஏழாவது இருக்கு. குரல் வந்ததும் வாங்க. சின்னப் புள்ளைங்க, கொஞ்சமாப் பேசினாப் போதும்."

போனில் எழுதி நீட்டினேன். "ப்ளஸ் டூ எப்போ?"

"அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் என்னவென்று அங்கே வேலை பார்த்த எனக்குத் தெரியாதா. ஆனாலும் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் என் கணவர் ஒரு பெட்டிக்கடையில் நின்று ஒரு சோடா குடித்தார், உடனே இன்னொரு சோடா குடித்தார். "தொண்ட காஞ்சு போச்சு" என்றார்.

டாக்டர் பேச அனுமதித்த நாளில், முதலில் என்ன சொல்வது என்று வெகுநாளாக யோசித்து வைத்திருந்தேன். நடந்தது வேறு. அடுப்படியில் பால் பொங்கியது. "அடுப்ப அணைங்க!" என்று கத்திவிட்டேன்.

முன்னறையிலிருந்து அத்தை கேட்டார்கள்: "யாரு வந்திருக்கா?"

அது என் குரல் இல்லை. கரகரப்பாக, கனமாக, ஆண்குரலுக்கும் பெண்குரலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இதற்கு மேல் தெளியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேசலாம் என்று அளவும் வைத்தார். மகாராஜபுரத்தில் அம்மா போனில் என் குரலைக் கேட்டு, "யாரு பேசுறது?" என்று கேட்டபோது, நான்தான் என்று சொல்லிவிட்டு அழுதேன்.

இப்போது ஆறாவது, ஏழாவதுக்குப் போகிறேன். இடுப்பில் மைக். மதியம் ஆகும்போது குரல் தேய்ந்துவிடும். கடைசிப் பீரியடில் பேச்சைக் குறைத்துக்கொண்டு, படையெடுத்து வருகிற ராஜாவையும் ஓடுகிற ராஜாவையும் முகத்தாலும் கையாலும் காட்டுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சொன்னால் நம்பமாட்டார்கள், சரியாகப் பதில் எழுதவும் செய்கிறார்கள். ப்ளஸ் டூ வகுப்பைக் கடந்து போகும்போது புது டீச்சரின் உரத்த குரல் வராந்தா வரை கேட்கும். நடையைக் கொஞ்சம் வேகமாக வைப்பேன்.

போன ஞாயிறு பார்த்த படத்தில், சித்தியால் மாடியறையில் பூட்டப்பட்ட ஒருத்தி சன்னல் வழியாக ஏணியில் இறங்குகிறாள். கீழே அவன் ஏணியைப் பிடித்திருக்கிறான். அவள் பாதி இறங்கியபோது வீட்டு விளக்கெல்லாம் எரிகிறது. அத்தோடு திரை கறுத்துவிட்டது. மீதிச் சுருள் கிடைக்கவில்லை என்று ஒரு அட்டை. இப்போது நான் வாசித்துச் சொன்னேன்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏணியில நிக்கிறவள அப்படியே விட்டுட்டா போயிட்டானுவ?"

"எறங்கியிருப்பா" என்றார் என் கணவர்.

"எங்கிட்டு எறங்க? சித்திக்காரி வந்துட்டாள்ல. மேலதான் ஏறிப் போயிருப்பா, பாவம்." அத்தை என்னிடம் திரும்பினார்கள். "நீ சொல்லுட்டி. படிச்சவள்ல."

அன்றைய அளவுக்கு என் குரல் தீர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல் நின்று, கீழேயும் மேலேயும் பார்த்துக் காட்டினேன். அங்கேயேதான் நிற்கிறாள்.

"போ, ஏட்டி" என்று அத்தை சலித்துக்கொண்டு காபி போட எழுந்தார்கள். என் கணவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த படத்தைத் தேட ஆரம்பித்தார்.